குப்பியில் வரும் மூளைப் புரதம் மருந்தாகுமா?

கடந்த மாதம் எமது மன்றத்தின் முதியோர் ஒன்றுகூடல் முடிந்து கதிரைகளை அடுக்கிக் கொண்டிருந்த வேளையில், உறுப்பினர் ஒருவரின் மகன் எம்மைத் தேடி வந்தார். கையில் கணினியில் இருந்து அச்சடித்த இரண்டு தாள்கள். அவருடைய தந்தையார் ஒரு வருடத்துக்கு முன் பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்டவர். இன்னும் வலது கை சரியாக எழும்பவில்லை. பேச்சும் முழுதாகத் திரும்பவில்லை.

தாள்களைப் பார்த்தோம். ஆய்வுகூடங்களுக்குப் பொருட்கள் விற்கும் ஒரு நிறுவனத்தின் விபரக்கொத்துப் பக்கம் அது. மனித பி.எஸ்.டி-95 எனும் புரதம், ஆய்வுகூடத்தில் தயாரிக்கப்பட்டது, சில மைக்ரோகிராம் அளவு, விலை பல நூறு டொலர் என்று இருந்தது. எம் குழுவில் உள்ள ஓய்வுபெற்ற தாதி ஒருவரிடம் அந்தப் பிள்ளை கேட்டார்: "அன்ரி, நரம்புகள் ஒண்டோடை ஒண்டு கதைக்கிறதுக்கு இந்தப் புரதம்தான் வேணுமாம். அப்பாவுக்கு இது குறைஞ்சு போச்சுதெண்டால் இதை வாங்கி ஒரு டொக்டரைக் கொண்டு ஏத்தினால் என்ன?"

தாளின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும். மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாது.'

"வேண்டாம் தம்பி" என்று அன்று சொல்லி அனுப்பினோம். ஆனால் தகப்பனுக்காக இரவிரவாகக் கணினியில் தேடிய ஒரு பிள்ளைக்கு அந்த இரண்டு சொல் போதாது என்று பின்னர் எமக்குத் தோன்றியது. அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி அல்ல. இதே கேள்வியோடு வேறு பல வீடுகளும் இருக்கக்கூடும். எனவே இம்முறை சுகாதாரப் பகுதியை அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறோம். எமது கருத்தையும் ஒளிக்காமல் சொல்கிறோம்.

சாரம் என்பது என்ன?

பி.எஸ்.டி-95 என்பது ஒரு 'சாரப் புரதம்'. சாரம் என்றதும் எம்மில் பலருக்கு இடுப்பில் கட்டும் சாரம்தான் நினைவுக்கு வரும். நாம் சொல்வது வீடு கட்டும்போது மேசன்மார் ஏறி நிற்பதற்கு மரத்தாலும் கயிற்றாலும் கட்டுகிறார்களே, அந்தச் சாரம்.

மனித மூளையில் ஏறத்தாழ 8600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. அவை ஒன்றையொன்று தொட்டுக் கொண்டு இருப்பதில்லை. இரண்டு கலங்கள் சந்திக்கும் இடத்தில் மிக நுண்ணிய இடைவெளி ஒன்று இருக்கும். இதனை நரம்புச் சந்தி என்போம். ஒரு கலம் குளூட்டமேற் போன்ற ஓர் இரசாயனப் பொருளை இந்த இடைவெளிக்குள் விடும். மறுகரையில் உள்ள கலத்தின் வாங்கிகள் அதனைப் பிடித்துக் கொள்ளும். நாம் ஒரு பெயரை நினைவுபடுத்துவதும், ஒரு கோப்பையைத் தூக்குவதும் இவ்வாறுதான் நடைபெறுகின்றன.

அந்த வாங்கிகள் சரியான இடத்தில், சரியான எண்ணிக்கையில் நிற்க வேண்டும். செய்தி வந்ததும் அதனை உள்ளே கொண்டு செல்லும் நொதியங்களும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் கீழிருந்து தாங்கி, ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பதுதான் பி.எஸ்.டி-95 இன் வேலை. கலியாணப் பந்தலில் விருந்தினர் கண்ணுக்குத் தெரிவது சோடனைதான். காலும் வளையும் கயிறும் இல்லாவிட்டால் சோடனை எங்கே நிற்கும்?

724 அமினோ அமிலங்களால் ஆன புரதம் இது. இதற்குரிய பரம்பரையலகு எமது 17 ஆவது நிறமூர்த்தத்தில் உள்ளது. ஒரு நரம்புச் சந்தியில் சராசரியாகச் சுமார் 300 பி.எஸ்.டி-95 மூலக்கூறுகள் இருக்கின்றன என்று கணித்திருக்கிறார்கள். 1992 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழினுட்பக் கழகத்தில் மேரி கெனடி அம்மையாரின் ஆய்வுக்குழு எலியின் மூளையில் இருந்து இதனை அடையாளம் கண்டது. பெயரில் உள்ள 95 அதன் மூலக்கூற்று நிறையைக் குறிப்பது.

இந்தச் சாரம் பழுதானால் என்ன நடக்கும் என்பதனையும் பார்த்திருக்கிறார்கள். 1998 இல் வெளியான ஓர் ஆய்வில், இப்புரதம் பழுதாக்கப்பட்ட எலிகளால் தண்ணீர்த் தொட்டிக்குள் மறைந்திருக்கும் மேடை எங்கே என்பதனைக் கற்றுக்கொள்ள முடியாமற் போனது. மனிதரிலும் இந்தப் பரம்பரையலகில் மாற்றத்துடன் பிறக்கும் பிள்ளைகள் சிலருக்குக் கற்றற் குறைபாடு, வலிப்பு, ஓட்டிசம் போன்றவை காணப்படுகின்றன.

ஆய்வுகூடத்தில் எப்படிச் செய்கிறார்கள்?

மனித மூளையைத் தோண்டி எடுத்துப் புரதம் விற்கிறார்களோ என்று அந்தத் தாளைப் பார்த்த ஒரு அம்மா பயந்து போனார். அப்படி அல்ல.

மனிதரின் பரம்பரையலகில் உள்ள செய்தியைப் படி எடுத்து, 'ஈ-கோலை' எனும் பற்றீரியாவுக்குள் புகுத்துகிறார்கள். தோசை மா இரவு முழுவதும் புளித்துப் பொங்குவது போல, கதகதப்பான நீர்மத்தில் இந்தப் பற்றீரியாக்கள் கோடிக்கணக்கில் பெருகும். பெருகும்போது தமக்குச் சம்பந்தமே இல்லாத மனிதப் புரதத்தையும் செய்து வைக்கும். பின்னர் அவற்றை உடைத்து, கிடைத்த கலவையை நிக்கல் பூசிய மணிகள் நிரம்பிய குழாயினூடாக ஓட விடுவார்கள். தேவையான புரதத்தின் நுனியில் முன்கூட்டியே ஒரு சிறிய 'வால்' ஒட்டி வைத்திருப்பார்கள். அந்த வால் நிக்கலில் ஒட்டிக் கொள்ளும். மற்றவை கழுவப்பட்டுப் போய்விடும். எஞ்சிய தூய புரதத்தைச் சின்னக் குப்பியில் இட்டு, சைபருக்குக் கீழே 80 பாகை செல்சியசில் உறைய வைப்பார்கள்.

எம் வீடுகளுக்கு இது புதிய சங்கதி அல்ல. எமது முதியோர் எத்தனையோ பேர் தினமும் ஏற்றிக் கொள்ளும் மனித இன்சுலினும் இதே வழியில்தான் வந்தது. 1921 இல் இதே ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் ஆகியோர் நாயின் சதையியில் இருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பின் நீண்ட காலம் மாடு, பன்றி ஆகியவற்றின் சதையியில் இருந்துதான் அது கிடைத்தது. 1978 இல் ஈ-கோலை பற்றீரியாவைக் கொண்டு மனித இன்சுலினைச் செய்து காட்டினார்கள். 1982 இல் அது அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

அப்படியானால் இதனையும் ஏற்றினால் என்ன?

இதுதான் அந்தப் பிள்ளையின் கேள்வி. இன்சுலினை ஏற்றலாம் என்றால் பி.எஸ்.டி-95 ஐ ஏன் ஏற்றக் கூடாது?

முதலாவது காரணம், வேலை செய்யும் இடம். இன்சுலின் கலத்தின் வெளியே நின்று கதவைத் தட்டும் புரதம். இரத்தத்தில் கலந்தால் போதும், அது தன் வேலையைச் செய்துவிடும். பி.எஸ்.டி-95 கலத்தின் உள்ளே, சுவரின் உட்புறத்தில் வேலை செய்வது. இரத்தத்தில் ஏற்றினால் மூளைக்குச் செல்லும் வழியில் குருதிக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு அதனை மறிக்கும். அதனைத் தாண்டினாலும் கலச்சுவர் உள்ளே விடாது. வாயால் விழுங்கினால் வயிறு அதனை முட்டையையும் மீனையும் போலவே செரித்துவிடும்.

இரண்டாவது, பற்றீரியா செய்யும் புரதம் முழுமையானதல்ல. எமது நரம்புக் கலம் இப்புரதத்தைச் செய்த பின் அதன் நுனியில் ஒரு கொழுப்பு அமிலத்தைப் பொருத்துகிறது. அந்தக் கொழுப்பின் உதவியால்தான் அது சுவரில் ஒட்டி நிற்கிறது. பற்றீரியாவுக்கு அந்த வேலை தெரியாது.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. பாரிசவாதம் வந்தவருக்கு நடந்தது பி.எஸ்.டி-95 குறைந்து போனதால் வந்த வினை அல்ல. குருதிக்கட்டி ஒன்று இரத்தக் குழாயை அடைத்தால், ஒட்சிசன் கிடைக்காத நரம்புக் கலங்கள் குளூட்டமேற்றை அளவுக்கு மீறிக் கொட்டுகின்றன. என்.எம்.டி.ஏ எனப்படும் வாங்கிகள் திறந்தபடி நிற்கின்றன. கல்சியம் வெள்ளம் போல் உள்ளே பாய்கிறது. அந்த வாங்கியின் காலடியிலேயே நைத்திரிக் ஒட்சைட்டு எனும் வாயுவைச் செய்யும் நொதியத்தை பி.எஸ்.டி-95 கட்டி வைத்திருக்கிறது. சாதாரண நாளில் அது நல்ல ஏற்பாடு. பாரிசவாத வேளையில் அதே ஏற்பாடு கலத்தைக் கொல்லும் நஞ்சை உண்டாக்குகிறது. இந்த நிலையில் மேலும் சாரம் கொண்டு போய் வைப்பதில் பயன் என்ன?

எனவே, வைத்தியத் தகுதி இருப்பதாகச் சொல்லிக்கொண்டு யாராவது இதனை ஏற்றித் தர முன்வந்தால் அவரிடம் இருந்து விலகி நில்லுங்கள். ஆய்வுகூடத்துக்கு என்று செய்த பொருள், மனித உடலுக்குள் செலுத்தும் மருந்துக்குரிய தூய்மைச் சோதனைகளைத் தாண்டி வந்ததல்ல. பற்றீரியாவின் எச்சம் சிறிதளவு இருந்தாலே கடும் காய்ச்சலும் அதைவிட மோசமான விளைவுகளும் வரலாம்.

பின் எதற்கு இந்தக் குப்பி?

மருந்து தேடுவதற்கான அளவுகோல் அது. பூட்டுக்குத் திறப்புச் செய்பவர் பூட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் அல்லவா? 1996 இல் ரொடரிக் மக்கினன் தலைமையிலான குழு, இப்புரதத்தின் ஒரு பகுதியைப் பளிங்காக்கி, எக்ஸ் கதிர் கொண்டு அதன் வடிவத்தை அணு அணுவாகப் படம் எடுத்தது. வாங்கியின் வால் எந்தக் குழிக்குள் போய்ச் செருகுகிறது என்பது அப்போது தெரிந்தது. மக்கினனுக்கு 2003 இல் வேறோர் ஆய்வுக்காக நோபல் பரிசும் கிடைத்தது.

இந்தக் கதையின் அடுத்த கட்டம் எமது நகரிலேயே நடந்தது. ரொறன்ரோ வெஸ்ரேர்ண் வைத்தியசாலையின் மூளைச் சத்திர சிகிச்சை நிபுணர் மைக்கல் ரிமியான்ஸ்கி குழுவினர், நரம்புக் கலங்களில் பி.எஸ்.டி-95 ஐக் குறைத்தால் அந்த நஞ்சு ஏற்படுவதும் குறைகிறது என்று 1999 இல் காட்டினார்கள். ஆனால் புரதத்தையே இல்லாமற் செய்தால் கற்கும் ஆற்றல் போய்விடும் என்பதனை மேலே பார்த்தோம். ஆகவே, பந்தலைப் பிரிக்காமல் ஒரு முடிச்சை மட்டும் தளர்த்த வழி தேடினார்கள். என்.எம்.டி.ஏ வாங்கியின் வால் நுனியைப் போலவே 9 அமினோ அமிலங்களும், கலத்துக்குள் நுழைய உதவும் 11 அமினோ அமிலங்களும் சேர்ந்த, மொத்தம் 20 மணிகள் கோத்த சிறு சரம் ஒன்றைச் செய்தார்கள். அது பி.எஸ்.டி-95 இன் குழிக்குள் போய் உட்கார்ந்து கொண்டால் வாங்கியின் வால் அங்கே செருக முடியாது. பாரிசவாதம் ஏற்படுத்தப்பட்ட எலிகளில், ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்தபோதும் மூளைச் சேதம் குறைந்தது என்று 2002 இல் வெளியிட்டார்கள். இதுவே பின்னர் 'நெரினிரைட்' எனப் பெயர் பெற்றது. இதனை மருந்தாக்குவதற்கு ரிமியான்ஸ்கி ஒரு நிறுவனத்தையும் தொடக்கினார் என்பதனையும் வாசகர் தெரிந்திருப்பது நல்லது.

இருபது வருடமும் ஒரு முடிவும்

2012 இல் குரங்குகளில் நல்ல பலன் தெரிந்தது. அதே ஆண்டில், மூளை இரத்தக் குழாய் வீக்கத்துக்குச் சிகிச்சை பெற்ற 185 பேரில் நடந்த ஆய்வு வெளியானது. அவர்களுக்கு ஏற்பட்ட சிறு சேதங்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. நம்பிக்கை வளர்ந்தது.

2020 இல் பெரிய ஆய்வின் முடிவு வந்தது. 8 நாடுகளில் 1105 நோயாளர்கள். கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சையோடு நெரினிரைட் பெற்றவர்களில் 100 இற்கு 61 பேர் தம் வேலைகளைத் தாமே பார்க்கும் நிலைக்கு வந்தனர். வெறுமருந்து பெற்றவர்களில் 59 பேர். இந்த வேறுபாட்டை மருந்தின் பலன் என்று சொல்ல முடியாது. கட்டியைக் கரைக்கும் மருந்து பெறாதவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது 59 இற்கு 50 என்று வித்தியாசம் தெரிந்தது. கட்டி கரைக்கும் மருந்து இந்தச் சிறு சரத்தையும் வெட்டி விடுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சரி, அப்படிப்பட்டவர்களில் மட்டும் மீண்டும் பரீட்சித்துப் பார்ப்போம் என்று இன்னொரு ஆய்வு செய்தார்கள். ஒன்ராறியோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அம்புலன்சிலேயே 500 இற்கும் மேற்பட்டோருக்கு மருந்தோ வெறுமருந்தோ கொடுத்து வேறோர் ஆய்வும் நடந்தது. 2025 இல் இரண்டும் வெளியாயின. இரண்டிலும் ஒட்டுமொத்தமாகப் பலன் நிரூபிக்கப்படவில்லை. வேளைக்குக் கொடுக்கப்பட்ட ஒரு பகுதியினருக்கு நன்மை இருந்திருக்கலாம் என்ற குறிப்பு மட்டும் எஞ்சியது.

1992 இல் இருந்து எண்ணினால் 33 வருடம். "இவ்வளவு காசும் காலமும் வீண்தானே?" என்று எம் குழுவிலேயே ஒருவர் கேட்டார். நாம் அப்படி நினைக்கவில்லை. ஒரு மருந்து வேலை செய்யவில்லை என்பதனை ஆயிரம் பேரில் சோதித்து, பகிரங்கமாக எழுதி வைத்தவர்களை நாம் மதிக்க வேண்டும். அந்த நேர்மை இல்லாத இடத்தில்தான் 'மூளைக்குப் புரதம்', 'நரம்புக்கு அமுதம்' என்று குப்பிகள் விற்பனையாகின்றன. அங்கே 1105 பேரும் இல்லை, வெறுமருந்தும் இல்லை, தோல்வியை ஒப்புக்கொள்வாரும் இல்லை.

இத்தனை கவனத்தோடு பரீட்சித்தபடியால்தான் வெற்றி பெற்றவற்றை நாம் நம்ப முடிகிறது. கட்டியைக் குழாய் மூலம் இழுத்து எடுக்கும் சிகிச்சையை, கல்கரி நகரத்து வைத்தியர்கள் முன்நின்று நடத்திய ஆய்வு 2015 இல் உறுதிப்படுத்தியது. அச்சிகிச்சை இல்லாதபோது 100 இற்கு 29 பேர்தான் தம் காலில் நின்றார்கள். சிகிச்சையோடு 53 பேர் நின்றார்கள். அதுவும் கனடாவின் பங்களிப்புத்தான்.

இங்கே எமது சமூகத்துக்கும் ஒரு வார்த்தை. எம்மவர் மருந்தை வேண்டுவார்கள். ஆய்வுக்கு அழைத்தால் "எங்களை வைத்துப் பரிசோதிக்கிறான்கள்" என்று ஒதுங்கி விடுவார்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் எம்மைப் போன்ற தென்னாசியரைப் பலமாகத் தாக்குகின்றன என்று தெரிந்த பின்னும், எம் உடலில் எது வேலை செய்யும் என்று கண்டறிய நாம் முன்வராவிட்டால் வேறு யார் வருவார்கள்? ஒப்புதல் பத்திரத்தை வாசியுங்கள். புரியாததைக் கேளுங்கள், தமிழில் விளக்கம் வேண்டும் என்று கேளுங்கள். பிடிக்காவிட்டால் மறுக்கும் உரிமை எப்போதும் உண்டு. ஆனால் வாசிக்காமலே மறுக்க வேண்டாம். அதேபோல, பிள்ளை வைத்தியராகாமல் ஆய்வுகூடத்தில் பற்றீரியா வளர்க்கப் போகிறேன் என்றால் தலையில் கை வைக்க வேண்டாம். இன்சுலினை அப்படியான பிள்ளைகள்தான் தந்தார்கள்.

நாம் விட்ட பிழை

இனி, எழுதுவதற்கு எமக்கு விருப்பமில்லாத ஒரு விடயத்தை எழுத வேண்டும்.

சென்ற வருடம் எமது மண்டபத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்து கொண்டிருந்தபோது ஓர் ஐயாவின் கையில் இருந்து தேநீர்க் கோப்பை நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. ஏதோ சொல்ல முயன்றார், சொல் வரவில்லை. நாம் எல்லோரும் கூடினோம். "பிறஷர் ஏறியிருக்கும், கொஞ்ச நேரம் படுக்க விடுங்கோ" என்றார் ஒருவர். இன்னொருவர் கொத்தமல்லி அவிக்க ஓடினார். வேறொருவர் காலுக்குத் தைலம் தேய்த்தார். அம்புலன்சுக்குக் காசு கட்ட வேண்டுமே, மகன் வேலையால் வந்து ஏற்றிக்கொண்டு போகட்டும் என்று முடிவாயிற்று. கடைசியில் 911 ஐ அழைத்தபோது கோப்பை விழுந்து 1 மணி 50 நிமிடம் கடந்திருந்தது.

பெரிய இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 இலட்சம் நரம்புக் கலங்கள் இறக்கின்றன என்று 2006 இல் ஒரு கணிப்பு வெளியானது. 110 நிமிடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். 20 கோடியைத் தாண்டும்.

வைத்தியசாலையில் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தார்கள். உயிர் தப்பினார். கையும் பேச்சும் முழுதாகத் திரும்பவில்லை. அந்த ஐயாதான் இக்கட்டுரையின் தொடக்கத்தில் நாம் சொன்ன தந்தையார். உடனே அழைத்திருந்தால் முழுச் சுகம் கிடைத்திருக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்த 110 நிமிடம் எம் கையில் இருந்தது. அதனை நாம் செலவழித்து விட்டோம். அவருடைய மகன் எம்மை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. தாளைக் கொண்டு வந்து எம்மிடமே யோசனை கேட்டார். அதனால்தான் இதனை மறைக்காமல் எழுதுகிறோம்.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் இதனை மனதில் பதியுங்கள்.

முகம்: சிரிக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் கோணுகிறதா? கை: இரண்டையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று கீழே விழுகிறதா? பேச்சு: குழறுகிறதா, சொல் வரவில்லையா? நேரம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 911.

கடைசியாக அவர் நல்ல நிலையில் இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். கட்டி கரைக்கும் மருந்து வழமையாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியது. தெரிவு செய்யப்பட்ட சிலருக்கு 24 மணி நேரம் வரை கட்டியை இழுத்து எடுக்க முடியும். எனவே பிந்திவிட்டது என்று நீங்களாகவே தீர்மானிக்காதீர்கள். தண்ணீர், தேநீர், கொத்தமல்லி எதுவும் வாயில் விடாதீர்கள். புரைக்கேறி நுரையீரலுக்குள் போகும். அஸ்பிரினும் கொடுக்காதீர்கள். வந்திருப்பது அடைப்பா, இரத்தக் கசிவா என்று ஸ்கான் பார்த்தால்தான் தெரியும். சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். எல்லா வைத்தியசாலைகளிலும் பாரிசவாதச் சிகிச்சை இல்லை. எங்கே கொண்டு போக வேண்டும் என்பது அம்புலன்ஸ் ஊழியருக்குத் தெரியும். ஆங்கிலம் வராவிட்டால் 'தமிழ்' என்று ஒரு சொல் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். ஒன்ராறியோவில் சுகாதார அட்டை உள்ளவருக்கு அவசியமான அம்புலன்ஸ் பயணத்துக்கான கட்டணம் 45 டொலர். அன்று நாம் மிச்சம் பிடிக்கப் பார்த்தது அந்த 45 டொலரைத்தான்.

வருமுன் காப்பதற்கும் வழி உண்டு. ஹமில்ரன் நகரின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகம் முன்நின்று 32 நாடுகளில் நடத்திய ஆய்வு 2016 இல் வெளியானது. பாரிசவாத ஆபத்தில் 100 இற்கு 90 பங்கு, நாம் மாற்றக்கூடிய 10 காரணிகளோடு தொடர்புடையது என்று அது சொன்னது. முதலிடம் உயர் இரத்த அழுத்தத்துக்கு. குளிசை போட்டதும் பிறஷர் இறங்கிவிட்டது, இனி எதற்குக் குளிசை என்று நிறுத்துபவர்கள் எம்மில் அதிகம். குளிசை போடுவதால்தான் அது இறங்கி நிற்கிறது.

அந்தப் பிள்ளைக்கு எமது பதில்

தம்பி, குப்பியில் உள்ள புரதத்தை வாங்க வேண்டாம். அந்த நூற்றுக்கணக்கான டொலரைப் பேச்சுப் பயிற்சிக்குச் செலவிடுங்கள். வருடம் ஒன்றாகிவிட்டது, இனி என்ன என்று மனம் தளர வேண்டாம். பாரிசவாதம் வந்து 6 மாதத்துக்கு மேலான 156 பேரில் ஜேர்மனியில் நடந்த ஆய்வு ஒன்று 2017 இல் வெளியானது. வாரத்துக்கு 10 மணி நேரமோ அதற்கு மேலோ, 3 வாரம் தீவிரமாகப் பேச்சுப் பயிற்சி பெற்றவர்கள், காத்திருந்தவர்களை விட நன்றாகப் பேசினார்கள். வீட்டிலும் அப்பாவோடு தமிழில் கதையுங்கள். ஊரின் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். சொல் வரும் வரை பொறுத்திருங்கள், நீங்களே முடித்து வைக்காதீர்கள். வலது கையால் கோப்பையைப் பிடிக்க விடுங்கள், ஊற்றுண்டால் ஊற்றுண்ணட்டும்.

நீங்கள் தேடிய பி.எஸ்.டி-95 ஐ அப்பாவின் மூளையே இப்போதும் செய்து கொண்டிருக்கிறது. பயிற்சியால் நரம்புச் சந்திகள் புதிதாகவும் பலமாகவும் வரும்போது அந்தப் புரதம் தானாகவே அங்கே போய்ச் சேரும். அதற்குக் குப்பியும் வேண்டாம், உறைபெட்டியும் வேண்டாம்.

அடுத்த முதியோர் ஒன்றுகூடலுக்கு ஐயாவை அழைத்து வாருங்கள். அவர் சொல்லத் தொடங்கும் சொல்லை அவரே முடிக்கும் வரை கேட்டுக் கொண்டிருப்பதற்கு நாம் இருக்கிறோம். அன்று மண்டபச் சுவரில், தொலைபேசிக்கு மேலே, முகம், கை, பேச்சு, நேரம் என்ற நாலு சொல்லும் 911 என்ற இலக்கமும் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அது எம் பொறுப்பு.